தோளை இறக்குங்க: டென்ஷன் குறைய வீட்டிலும் ஆபீஸிலும் செய்யக்கூடியவை

எனக்கு டென்ஷன் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல் கூசுகிறதே, சொத்தையாக இருக்கும், அடைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போனேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ராத்திரி பல்லைக் கடிப்பீங்களாம்மா?" என்றார். இல்லையே என்றேன். "பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?" ஆடிட்டர் ஆபீஸ் என்று சொன்னதும் மனுஷர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 14 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு மாதம் என்பது 30 நாள் இல்லை, மூன்று தேதிதான்: 7, 11, 20. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்கிற வரி) கட்ட 7, ஜிஎஸ்டியில் விற்பனை விவரம் ஏற்ற 11, வரியோடு ரிட்டர்ன் போட 20. இதில் 19ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு மஞ்சப்பையில் பில்லைத் திணித்துக்கொண்டு வந்து, "ஏனுங்க, சீக்கிரம் பாத்துருவீங்கல்ல?" என்று கேட்கும் பார்ட்டிகள் (கணக்கு கொடுக்கிறவர்களை ஆபீஸில் அப்படித்தான் சொல்வோம்) தனி ரகம். வீட்டுக்குப் போனால் மாவு அரைக்கணும், பையனுக்குப் பரீட்சை, அத்தைக்கு மாத்திரை.

பல் டாக்டர் சொன்ன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. போனில் தியானம் சொல்லித்தரும் ஆப் ஒன்றை இறக்கினேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றுக்கும் போனேன், 45 நிமிடம் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார்கள், கால் மரத்துப்போனதும் இட்லிக்கு உளுந்து ஊறப்போட மறந்ததும்தான் எனக்குக் கிடைத்த ஞானம். மூன்றாவது வாரம் போகவில்லை. அதனால் தியானம் வீண் என்று சொல்லவில்லை, ஓடத் தெரியாதவளை மாரத்தானில் விட்டது மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் படித்து, கொஞ்சம் கேட்டு, நிறையத் தப்பாகச் செய்து பார்த்துக் கடைசியில் எது நின்றதோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். காசு கிடையாது, பாய் வாங்க வேண்டாம், காலை நாலரைக்கு எழ வேண்டாம்.

மனசை விடுங்க, உடம்பைப் பிடிங்க

"டென்ஷன் ஆகாதே" என்று சொல்லி யாருக்காவது டென்ஷன் குறைந்து பார்த்திருக்கிறீர்களா? எங்க வீட்டுக்காரர் சொன்னால் எனக்கு இரண்டு மடங்கு ஏறும். மனசுக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் தாடையைத் தளர்த்து என்றால் தாடை கேட்கும், தோளை இறக்கு என்றால் தோள் இறங்கும். அதனால் கேட்கிற ஆளிடம் போய்ப் பேசுவதுதான் புத்திசாலித்தனம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். தெருவில் நாய் துரத்தினால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசையெல்லாம் இறுகுகிறது, கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்கிறது. எல்லாம் ஓடுவதற்கான ஏற்பாடு. ஓடினால் தீர்ந்தது. ஆனால் பார்ட்டி போனில் கத்தும்போதும் உடம்பு இதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது, ஓடத்தான் வழியில்லை, "சரிங்க சார், பாக்கறேங்க சார்" என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கம் அப்படியே தங்கிவிடுகிறது, அதன் மேல் அடுத்த போன். இந்த ஓட்டத்தை நிறுத்துகிற பிரேக்கும் உடம்பிலேயே இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயம், நுரையீரல், வயிறு வரை போகும் வேகஸ் நரம்பு. அதை மிதிக்கச் சுலபமான வழி மூச்சு. அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை.

முதல் மூன்று நாள்: எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள்

எதையும் மாற்ற வேண்டாம், பார்த்தால் போதும். ஒவ்வொருவருக்கும் டென்ஷன் உட்காரும் இடம் வேறு. சிலருக்குத் தாடை, சிலருக்குப் புருவ நடு, சிலருக்கு அடிவயிறு, பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹேண்டில்பாரைப் பிடிக்கிற விரல். எனக்குத் தோள், அது காதைத் தொட்டுவிடும் போல ஏறி நிற்கும், நிற்பதே எனக்குத் தெரியாது.

இப்போது, இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சாப்பிடாதபோதும் பேசாதபோதும் உதடு மூடியிருக்கலாம், பல்லுக்கு நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் கடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படியே கீழ்த்தாடையைத் தொங்கவிடுங்கள், தோள் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

நாளுக்குப் பத்துத் தடவை இதைப் பார்க்கணும். ஞாபகம் வராது, அது இயல்புதான். நான் தண்ணீர் பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண்ணிடமும் சொல்லி வைத்தேன், அவள் இடைக்கிடை "அக்கா, தோள்!" என்பாள், நான் இறக்குவேன். ஒரு மாதத்தில் ஆபீஸே அதைப் பிடித்துக்கொண்டது.

மூச்சு: வெளியே விடுவதுதான் விஷயம்

"டென்ஷனா இருக்கா? நல்லா மூச்சை இழுத்து விடு" என்று எல்லோரும் சொல்வார்கள். இழுப்பதில் பெரிய விசேஷம் இல்லை. விடுவதில்தான் இருக்கிறது.

நம்பவில்லை என்றால் சோதித்துப் பாருங்கள். இடது உள்ளங்கையை மேலே பார்த்தபடி வைத்து, கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரலால் நாடியைப் பிடியுங்கள். துடிப்பு கிடைத்ததும் மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும், விடும்போது இடைவெளி விட்டு வரும். எல்லோருக்கும் ஒரே அளவில் தெரியாது, சின்ன வயதுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும், என் பையன் இதை விளையாட்டாகவே செய்து காட்டுவான். வெளிமூச்சு நீளும்போது இதயம் நிதானமாகிறது என்பதை நம்மால் விரலிலேயே தொட்டுப் பார்க்க முடிகிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்.

செய்யும் முறை:

1. முதுகு சாய்ந்திருக்கட்டும், இல்லை நின்றுகொண்டே இருங்கள், எப்படியும் பரவாயில்லை. ஒரு கையை வயிற்றில் வையுங்கள்.

2. முதலில் உள்ளே இருக்கிற மூச்சை வெளியே விடுங்கள். இழுப்பதில் தொடங்காதீர்கள், ஏற்கெனவே பாதி நிரம்பிய குடத்தில் மேலே மேலே ஊற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

3. மூக்கு வழியாக 4 எண்ணும் வரை இழுங்கள். கை வைத்த வயிறு கொஞ்சம் வெளியே வரணும், நெஞ்சும் தோளும் எகிறக் கூடாது.

4. மூக்கு வழியாகவோ, சூடான டீயை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்தோ, 6 எண்ணும் வரை விடுங்கள்.

5. இப்படிப் பத்துத் தடவை. 2 நிமிடம்கூட ஆகாது.

தலை கிறுகிறுத்தால் ரொம்ப ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள், அடுத்த தடவை கொஞ்சமாக இழுங்கள், கணக்கு 3க்கு 4 ஆக இருந்தாலும் போதும். நான் முதல் வாரம் நாற்காலியே அதிரும்படி இழுத்துத் தலை சுற்றி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கிறவருக்கு நீங்கள் மூச்சுப் பயிற்சி செய்வது கேட்கவே கூடாது, அந்த அளவுக்கு மெதுவாக. மூச்சை உள்ளே அடக்கி வைக்கிற முறைகளும் உண்டு, அதெல்லாம் ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டியவை, பிபி இருக்கிறவர்கள், கர்ப்பமாக இருக்கிறவர்கள் தாங்களாக முயல வேண்டாம்.

சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடும். அவர்கள் இதை விட்டுவிட்டு முகத்தைப் பச்சைத்தண்ணீரில் நன்றாக அலம்பிப் பார்க்கலாம், நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் குளிர்ச்சி பட்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் குறையும், தண்ணீருக்குள் மூழ்கும்போது உடம்பு செய்கிற அதே ஏற்பாடு. இல்லையென்றால் நேராக நடைக்குப் போய்விடலாம், கீழே சொல்கிறேன்.

அது சரி, நேரம் எங்கே இருக்கிறது?

இதுதான் பெண்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி. அமைதியான அறையில் 20 நிமிடம் தனியாக உட்காருங்கள் என்று எழுதுகிறவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்களோ தெரியவில்லை. எங்க வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே அறை பாத்ரூம், அதிலும் இரண்டாவது நிமிடம் கதவைத் தட்டுவார்கள்.

அதனால் தனியாக நேரம் ஒதுக்காதீர்கள். எப்படியும் காத்திருந்துதான் ஆகணும் என்கிற இடங்கள் ஒரு நாளில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். குக்கர் மூன்றாவது விசில் போட, பால் பொங்க, காந்திபுரத்தில் டவுன் பஸ் வர, சிக்னலில் 90, 89, 88 என்று சிவப்பு எண் இறங்க, கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றி முடிய, லிஃப்ட் இறங்க. அந்த நேரமெல்லாம் இப்போது போனைத் தடவுவதில்தான் போகிறது. அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நான் எடுத்தது குக்கர். அடுப்பில் வைத்து மூடியதும் மேடையில் கை ஊன்றி நின்று பத்து மூச்சு, விசில் வந்தால் எண்ணிக்கை தப்பும், தப்பினால் திரும்ப ஒன்றிலிருந்து. சிக்னலில் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம், பின்னால் இருக்கிறவன் அடிக்கிற ஹாரனில் சம்பாதித்த நிம்மதியெல்லாம் போய்விடும்.

படுக்கையில்: இறுக்கித் தளர்த்துவது

தளர்த்து என்றால் சிலருக்கு எப்படித் தளர்த்துவது என்றே தெரியாது, ஏனென்றால் இறுக்கமாக இருப்பதே பழகிப் போயிருக்கும். எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் 1920களிலேயே இதற்கு ஒரு வழி எழுதி வைத்தார்: முதலில் வேண்டுமென்றே இறுக்கு, அப்புறம் விடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனி. நூறு வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

படுத்துக்கொண்டு காலிலிருந்து தொடங்குங்கள். கால்விரலை உள்ளே மடக்கி 5 எண்ணும் வரை இறுக்குங்கள், சட்டென்று விடுங்கள், 10, 15 எண்ணும் வரை சும்மா இருங்கள். அப்புறம் கெண்டைக்கால், பாதத்தை உங்கள் பக்கம் இழுத்தால் இறுகும் (தசைப்பிடிப்பு வருகிறவர்கள் மெதுவாக). தொடை. வயிறு. கையை முஷ்டி பிடித்து. தோளைக் காது வரை தூக்கி. கடைசியில் முகம், எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி மொத்த முகத்தையும் சுருக்கி விடுங்கள். முழுப் பலத்தோடு இறுக்க வேண்டாம், வலிக்கிற இடத்தை விட்டுவிடலாம். முதுகிலோ கழுத்திலோ பிரச்சினை இருந்தால் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம்.

நான் இடுப்பைத் தாண்டியதே குறைவு, அதற்குள் தூங்கிவிடுவேன்.

நடை

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுத்தால் வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம். எங்க ஊர் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்து நானும் ஷூ வாங்கினேன், அது இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. நடந்தது என்னவோ செருப்பில்தான், வீட்டுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி. பத்து நிமிடம். போன் பைக்குள், காதில் எதுவும் கிடையாது.

ஏன் அந்த இடம் என்றால், நாய் துரத்துகிற கதையை நினைத்துப் பாருங்கள், ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்ததை ஆபீஸ் முடிந்ததும் நடந்தே செலவழித்துவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோனால் பையன் மேல்தான் விடியும். முதல் இரண்டு நிமிடம் மேனேஜரோடு மனசுக்குள் சண்டை ஓடும், ஓடட்டும். மூன்றாவது நிமிடத்திலிருந்து கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், அப்புறம் காதுக்கு என்ன கேட்கிறது என்று. ஆனி ஆடியில் எங்க ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும், முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடியும், அந்த இரண்டு மாதம் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் கோபம் குறையும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. உக்கடம் பெரியகுளக் கரை பக்கத்தில் இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும், துணி எடுக்கப் போகிற சாக்கில் நாலு சுற்று.

காபி, போன், தூக்கம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கப் போவதில்லை. குடித்த காபியில் இருக்கிற கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடக் குறைய. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆபீஸில் குடித்த ஃபில்டர் காபி ராத்திரி பத்தரைக்கும் பாதி உள்ளே இருக்கிறது. டீயிலும் கஃபீன் உண்டு. 2 மணிக்கு மேல் வேண்டாம் என்று வைத்துப் பாருங்கள், முதல் மூன்று நாள் தலை வலிக்கலாம், அதனால் ஒரேயடியாக நிறுத்தாமல் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நான் சாயங்காலத்துக்குச் சுக்குமல்லிக் காபிக்கு மாறினேன், பெயரில்தான் காபி.

எத்தனை மணிக்குப் படுக்கிறோம் என்பதைவிட எழுகிற நேரத்தை ஒரே மாதிரி வைப்பது சுலபம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. போனைத் தலைமாட்டில் வைக்காமல் ஹாலில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். ரீல்ஸ் பார்த்தால் ரிலாக்ஸ் ஆகிறது என்பார்கள், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழும்போது உங்கள் தோள் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பதும் இதே ரகம், தூக்கம் சீக்கிரம் வரும், நடுராத்திரி கலைந்துவிடும்.

கவலைக்கு ஒரு நோட்டு

ராத்திரி படுத்ததும் நாளைக்கு என்னென்ன என்று ஒரு பட்டியல் ஓடுமே, அதற்கு இது. சாயங்காலம் ஏழு மணி போல, படுக்கைக்குப் பக்கத்தில் இல்லை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். பீஸ் கட்டணும், அத்தைக்குக் கண் டெஸ்ட், கேஸ் புக் பண்ணணும், அந்தப் பார்ட்டி நோட்டீஸ் வந்தால் நம் தலையில் கட்டுவாரோ. எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாளை செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை எழுதுங்கள், கையில் இல்லாததற்கு ஒரு கோடு. 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி அதே விஷயம் திரும்ப வந்தால் "நோட்டில் இருக்கு" என்று சொல்லிவிடலாம். கணக்கு எழுதுகிறவள் என்பதாலோ என்னவோ, எனக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது, ஏட்டில் ஏறிவிட்டால் தலையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை: எண்ணெய்க் குளியல்

இதை மட்டும் நான் எழுதாமல் விட மாட்டேன். அம்மா சொன்னபோதெல்லாம் பிசுபிசு என்று ஓடியவள்தான். இரண்டு குழிக்கரண்டி நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு லேசாகச் சூடு பண்ணுங்கள், மிளகு பொரிந்ததும் இறக்கி, கை பொறுக்கிற சூட்டில் உச்சந்தலையில் தொடங்கித் தேயுங்கள். அவசரப்படாமல் காதுக்குப் பின்னால், பிடரி, தோள்பட்டை (என் விஷயத்தில் தோளுக்கு இரண்டு மடங்கு), உள்ளங்கால். 20 நிமிடம் ஊறட்டும். அந்த 20 நிமிடம் கையெல்லாம் எண்ணெய், போனைத் தொட முடியாது, யாரும் வேலை சொல்லவும் மாட்டார்கள், பாதி நிம்மதி அதில்தான் வருகிறது என்று நினைக்கிறேன். அப்புறம் வெந்நீர், எங்க பக்கம் அரப்புத்தூள், இல்லையென்றால் சீயக்காய், சாதம் வடித்த கஞ்சியில் கரைத்தால் எண்ணெய் நன்றாகப் போகும். பாத்ரூம் தரை வழுக்கும், வயசானவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிக்கட்டும். சளி, காய்ச்சல், சைனஸ் தொல்லை இருக்கும் வாரம் விட்டுவிடுங்கள்.

எந்த வரிசையில்

எல்லாவற்றையும் திங்கட்கிழமையிலிருந்து தொடங்கினால் வியாழக்கிழமை நின்றுவிடும். மூன்று நாள் கவனிப்பு, அடுத்து இரண்டு வாரம் ஒரே இடத்தில் பத்து மூச்சு, அது தானாக வர ஆரம்பித்ததும் படுக்கையில் இறுக்கித் தளர்த்துவது, அதற்கப்புறம் நடை. காபியையும் நோட்டையும் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போகும், எனக்கு ஒவ்வொரு மாதமும் 18லிருந்து 20 வரை எல்லாம் போய்விடும். 21ஆம் தேதி காலை குக்கர் வைக்கும்போது திரும்ப ஒன்றிலிருந்து எண்ணுவேன்.

இதில் தீராதவை

படபடப்பு எல்லாமே டென்ஷன் இல்லை. தைராய்டு கூடினாலும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், ஒருமுறை டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வேர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது என்றால் உட்கார்ந்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும், 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே பேசலாம்.

என் பல்லுக்கு டாக்டர் ராத்திரி போட்டுக்கொள்ள ஓர் உறை செய்து கொடுத்தார், அதையும் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். தேய்ந்த பல் வளரப் போவதில்லை. போன மாதம் 20ஆம் தேதி ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கடைசி ரிட்டர்னை ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்க ஆடிட்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரி எப்போதோ கிளம்பிப் போய்விட்டாள் என்பதாலோ என்னவோ, அவரே சொன்னார், "ஏம்மா, தோள்."